செல்லுலார் ஜெயிலுக்கு ஒரு மணி நேரம் போதுமா?

பாம்பன்_பாலா
பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு அந்தமான் கிளம்புகிறோம். நான், வீட்டுக்காரி, அஞ்சாவது படிக்கிற பையன், மாமனார், மாமியார். போர்ட் பிளேரை இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்களாம். பழக்கத்தில் பழைய பெயர்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டம் இது: வந்து இறங்கிய அன்றைக்கே மதியம் மூணு மணிக்கு செல்லுலார் ஜெயில், நாலு மணிக்கு கார்பின்ஸ் கோவ் பீச், இருட்டியதும் திரும்ப ஜெயிலுக்கு வந்து ஒலி-ஒளிக் காட்சி. ஜெயிலுக்கு ஒரு மணி நேரம் காணுமா என்று கேட்டேன். “அங்கே என்ன சார் இருக்கு, சுவரும் கம்பியும்தான். ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துரலாம்” என்கிறார். பாம்பன்காரனைக் காசு வாங்கிக்கொண்டு கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறவர் ஜெயிலுக்கு நேரமில்லை என்கிறார்!

போய்வந்தவர்கள் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் வேண்டும்? மாமியாருக்கு முழங்கால் வலி, படி ஏறமாட்டார். பையனைக் கூட்டிப்போகலாமா? அப்புறம், கப்பலா விமானமா?

கீழக்கரை_காக்கா
தம்பி, போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் கடை வைத்து வருஷக்கணக்கில் இருந்தவன் சொல்கிறேன். அந்தத் திட்டத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஜனவரியில் அங்கே அஞ்சேகால், அஞ்சரைக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும். நம்ம ஊர் நேரம்தான், ஆனால் கிழக்கே அவ்வளவு தூரம் தள்ளிக் கிடக்கிற ஊர். மூணு மணிக்குப் போய், டிக்கெட் வாங்கி, பையைக் காட்டி உள்ளே நுழைந்தால் கொஞ்ச நேரத்தில் காவலாளி விசில் ஊத ஆரம்பித்துவிடுவார். காலையில் திறந்தவுடன் போங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இடையில் சாத்துவார்கள், அதற்குள் இரண்டு, இரண்டரை மணி நேரம் நிதானமாகச் சுற்றலாம். விடுமுறை நாளையும் காட்சி நேரத்தையும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாற்றுவார்கள்.

ஒலி-ஒளிக் காட்சிக்குத் தனி டிக்கெட். இந்திக் காட்சி, ஆங்கிலக் காட்சி என்று பிரித்து நடத்துவார்கள். உள்முற்றத்து அரசமரம் தன் கதையைச் சொல்கிற மாதிரி அமைத்திருப்பார்கள். பெரியவர்களுக்குப் பாஷை புரியாவிட்டால் காலையில் பார்த்ததே போதும்.

வெளியே பாஷைக் கவலை வேண்டாம். ஆட்டோவில் ஏறித் தமிழில் பேசுங்கள், பாதிப் பேர் தமிழிலேயே பதில் சொல்வார்கள். வெற்றிமலை முருகன் கோயில் எங்கே என்று மாமியார் யாரிடம் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

ஏர்வாடி_ரவி
எனக்கு ஒரு சந்தேகம். ஜெயிலைப் போய்ச் சுற்றுலா என்று பார்ப்பது எப்படி இருக்கும்? நான் போனபோது தூக்குமேடைக் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி தலையைச் சாய்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. சவுக்கடிக் கட்டையில் ஒரு பொம்மையைக் கட்டி வைத்திருப்பார்கள், அதைக் கட்டிப்பிடித்து ஒருத்தர் போஸ். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, பாதியில் வெளியே வந்துவிட்டேன். அஞ்சாவது படிக்கிற பையனுக்கு இதெல்லாம் எதற்கு?

பாம்பன்_பாலா
ரவி அண்ணே, நம்ம ஊரில் மட்டும் என்ன வாழுது? தனுஷ்கோடியில் 64 புயலில் இடிந்த சர்ச்சுக்குள் கல்யாண போட்டோ எடுக்கிறார்களே. செத்தவர்களுக்குக் கணக்கே சரியாக இல்லாத இடம் அது. அதற்காகத் தனுஷ்கோடிக்கே யாரும் வராதே என்று சொல்லவா முடியும்?

மண்டபம்_டீச்சர்
பாலா, பையனைக் கண்டிப்பாகக் கூட்டிப்போங்கள். ஆனால் முன்கூட்டியே நாலு விஷயம் சொல்லிக் கூட்டிப்போனால்தான் சுவரும் கம்பியும் பேசும். இல்லாவிட்டால் உங்கள் ஏஜென்ட் சொல்வதுதான் நிஜமாகிவிடும்.

முதலில் இடம். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு வாக்கர் என்ற அதிகாரி அங்கே இறங்கினார். அப்போது ஜெயில் கட்டடமே கிடையாது. தீவுதான் ஜெயில், கடல்தான் மதில். காட்டை வெட்டுவது, சதுப்பைத் தூர்ப்பது, ரோடு போடுவது எல்லாம் கைதிகள் வேலை. தப்பிக்கப் பார்த்துப் பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களை அந்த முதல் வருஷத்திலேயே தூக்கில் போட்டார் வாக்கர். நீங்கள் பார்க்கப்போகிற கட்டடம் அதற்கு ரொம்பப் பிந்தியது. 1896-இல் தொடங்கி 1906-இல் முடித்தார்கள்.

ஏன் நாற்பது வருஷம் கழித்துக் கட்டினார்கள்? 1890-இல் லயல், லெத்பிரிட்ஜ் என்ற இரண்டு அதிகாரிகள் தீவைப் பார்த்துவிட்டு, கைதிகள் நாட்டுக்குள் இருக்கிற சிறையைவிட அந்தமானையே விரும்புகிறார்கள் என்று எழுதினார்கள். கொஞ்ச காலம் ஒழுங்காக இருந்தால் வெளிவேலை, அப்புறம் நிலம், கல்யாணம் என்று வழி இருந்ததே காரணம். தண்டனையில் பயம் போய்விட்டது, வந்தவுடன் தனிமையில் போட்டு முதலில் ஒடிக்கவேண்டும் என்பது அவர்கள் யோசனை. அதற்காகவே கட்டியது இது. வருகிற கைதி முதல் ஆறு மாதம் இங்கே தனியறையில் கிடக்கவேண்டும். அரசியல் கைதிகளை நினைத்துப் போட்ட திட்டம் இல்லை. அவர்கள் பிறகு வந்து சிக்கினார்கள்.

கட்டடத்தை மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு பக்கமும் நீளும் மூன்று அடுக்குக் கட்டடங்கள். மொத்தம் 693 அறைகள். பொதுக்கூடம் ஒன்றுகூட இல்லை. அறை ஏறத்தாழ பதிமூன்றரை அடி நீளம், ஏழடி அகலம். எட்டாத உயரத்தில் ஒரு சின்னச் சன்னல். ஒரு வரிசையின் முகப்பு அடுத்த வரிசையின் முதுகைத்தான் பார்க்கும். கம்பிக்கதவு வழியாக எதிர் அறையில் இருக்கிறவன் முகம் தெரிந்துவிடக்கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். நூற்றுக்கணக்கான பேர் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஆளுக்கு ஆள் முகம் காணமுடியாது. இதைப் பையனிடம் சொல்லிவிட்டு, அவனையே வராந்தாவில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கண்டுபிடிப்பான்.

தொண்டி_துரை
நம்ம வ.உ.சி. செக்கிழுத்தது அங்கேதானே? அந்தச் செக்கைப் பார்க்கவாவது போகலாம்.

மண்டபம்_டீச்சர்
இல்லை துரை, நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். 1908-இல் பின்ஹே என்ற நீதிபதி வ.உ.சி.க்குத் தீவாந்திர தண்டனைதான் விதித்தார், அதுவும் இரட்டை ஆயுள். ஆனால் அவரை அந்தமானுக்கு அனுப்பவில்லை. கோயம்புத்தூர்ச் சிறையிலும் பிறகு கண்ணூர்ச் சிறையிலும் வைத்திருந்து, 1912 கடைசியில் விடுதலை செய்தார்கள். அவர் இழுத்த செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கக் கப்பல் ஏற வேண்டாம், ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் போதும்.

அந்தமானிலும் செக்கு உண்டு. முற்றத்துக் கொட்டகையில் வைத்திருப்பார்கள். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தரவேண்டும், கிட்டத்தட்ட பதிமூன்றரை கிலோ. மாடு பூட்டி ஆட்டுகிறவனைக் கேட்டுப்பாருங்கள், அது எவ்வளவு என்று சொல்வான். குறைந்தால் சவுக்கடி, கைவிலங்கு போட்டு நிற்கவைப்பது, சாக்குத்துணி உடுப்பு.

சிவகங்கைச்_சீமை
பக்கத்து மாவட்டத்துக்காரன் ஒரு வார்த்தை சொல்லலாமா? அந்தமானுக்கு முன்னாலேயே நம்ம சீமைக்குத் தீவுச்சிறை தெரியும். மருதிருவரை 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்பட 73 பேரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயதுதான். சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரை சுமத்ராவில் இருக்கிற பென்கூலனுக்கு அனுப்பினார்கள், அங்கேயே செத்தார். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என்று கைதிகளை இறக்கிப் பார்த்து, ஆங்காங்கே எதிர்ப்பு வந்தபிறகுதான் அந்தமான் என்று நிலைத்தது. சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இந்தியக் கைதிகள் கட்டியதுதான். இன்றைக்கு அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிற நம்ம ஆட்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கீழக்கரை_காக்கா
நல்ல சேதி சொன்னீங்க தம்பி. கடல் கடந்து போய் இருக்கிறது நம்ம கரைக்கு வயிற்றுப்பாடு. அதையே தண்டனையாக ஆக்கி வைத்தான் வெள்ளைக்காரன்.

தேவிபட்டினம்_தேசி
எல்லாம் சரி, வீர சாவர்க்கர் அறையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே? அதற்காகத்தான் பாதி இந்தியா அங்கே போகிறது.

தொண்டி_துரை
மன்னிப்புக் கடிதம் எழுதியதையும் சேர்த்துப் பேசுவோமா?

தேவிபட்டினம்_தேசி
ஆரம்பிச்சுட்டாரய்யா.

நெறியாளர்
அந்தச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பயணம் பற்றி மட்டும்.

மண்டபம்_டீச்சர்
நெறியாளர் அனுமதித்தால் பயணம் பற்றியே சொல்கிறேன். சாவர்க்கர் 1911-லிருந்து பத்து வருஷம் அங்கே இருந்தார். மேல்மாடிக் கோடியில் அவர் அறை. மனுக்கள் எழுதியதும் ஆவணத்தில் இருக்கிறது. இரண்டும் நடந்ததுதான். என் குறை வேறு: கூட்டம் நேராக அந்த அறைக்கு ஏறி, போட்டோ எடுத்து, இறங்கிவிடுகிறது. வழியில் தாண்டிப் போகிற அறைகளில் இருந்தவர்களை யார் கேட்கிறார்கள்?

1933 மே மாதம் சிறைக்குள் உண்ணாவிரதம் நடந்தது. பகத்சிங்கின் கூட்டாளியான மகாவீர் சிங்குக்கு வலுக்கட்டாயமாகக் குழாய் வைத்துப் பால் ஊற்றும்போது அது நுரையீரலில் இறங்கி உயிர் போனது. மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா இருவரும் அதே போராட்டத்தில் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் வெளிச்சம், படுக்கை, படிக்கப் புத்தகம் என்று கொஞ்சமாவது கிடைத்தது. 1937-இல் மறுபடி உண்ணாவிரதம், 38-இல் அரசியல் கைதிகளை நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். நடுக்கோபுரத்தில் சலவைக்கல்லில் மாகாண வாரியாகப் பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள். வங்காளத்துப் பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். அங்கே ஒரு பத்து நிமிஷம் நில்லுங்கள், அது ஒன்றே என் கோரிக்கை.

இன்னொன்று. வழிகாட்டிகள் விரைந்து தாண்டும் ஒரு பகுதி உண்டு, ஜப்பான்காரன் காலம். 1942-லிருந்து 45 வரை தீவு அவன் கையில். நேதாஜி வந்து 1943 டிசம்பர் 30-இல் கொடி ஏற்றியதை எல்லாரும் சொல்வார்கள். அதே காலத்தில் உள்ளூர் மக்களை ஒற்றர்கள் என்று சொல்லி அதே ஜெயிலில் அடைத்து வதைத்ததையும் சொல்லவேண்டும். திவான் சிங் என்ற டாக்டர் அப்படித்தான் செத்தார். நேதாஜியின் இந்தியத் தேசிய ராணுவத்துக்கு மலேயாவிலும் பர்மாவிலுமிருந்து ஆள் கொடுத்த மாவட்டம் நம்முடையது, அதனால் நமக்குக் கொஞ்சம் கசக்கும். கசந்தாலும் நடந்தது நடந்ததுதான்.

பாம்பன்_பாலா
டீச்சர், ஏழு கட்டடம் என்கிறீர்கள், நெட்டில் பார்த்த படத்தில் மூன்றுதான் தெரிகிறது?

ராம்நாடு_சுமதி
மூன்றுதான் மிச்சம். ரெண்டை ஜப்பான்காரன் இடித்தான், ரெண்டை நாமே சுதந்திரத்துக்கு அப்புறம் இடித்துவிட்டோம். முழுக்க இடிக்கப் பார்த்தபோது, உள்ளே கிடந்தவர்களே எதிர்த்து நின்றார்கள். அதனால் நின்றது. 1979-இல் மொரார்ஜி தேசாய் வந்து தேசிய நினைவகமாக அறிவித்தார். இடித்த இடத்தில் 1963-லிருந்து கோவிந்த் வல்லப் பந்த் ஆஸ்பத்திரி ஓடுகிறது. நீங்கள் அறைக்குள் நிற்கும்போது பக்கத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது. ஜெயில் இருந்த இடத்தில் பிள்ளை பிறக்கிறது, இதைவிட என்ன வேண்டும்?

மாமியார் விஷயம். கீழ்த்தள அறைகளும் மேல்தள அறைகளும் ஒன்றேதான், படி ஏறாமலே பார்க்கலாம். அருங்காட்சியகம், செக்கு, தூக்குமேடை எல்லாம் கீழேதான். முற்றத்தில் நிழலில் உட்கார இடம் இருக்கும், என் அத்தையை அங்கே உட்காரவைத்துவிட்டு நாங்கள் மேலே போனோம். மொட்டைமாடி வரைக்கும் மாமனார் ஏறினால் நல்லது, கடலும் ராஸ் தீவும் (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) தெரியும். தண்ணீர் பாட்டில், குடை, கழற்றி மாட்ட லேசான செருப்பு. வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும்.

தங்கச்சிமடம்_கடலோடி
படித்துக்கொண்டே இருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசனை.

எங்கள் வீட்டில் ஜெயில் என்றால் செய்தித்தாள் விஷயம் இல்லை. அப்பா கச்சத்தீவுப் பக்கம் வலைக்குப் போனபோது எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, கடலுக்கு அந்தப்பக்கம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். அந்த நாட்களில் அம்மா தினம் ஜெட்டிக்குப் போய் நின்றுவிட்டு வரும். அப்பா திரும்பி வந்தார், படகு வரவில்லை. அதைப் பற்றி இன்றுவரை அவர் வீட்டில் பேசமாட்டார்.

அக்காவைப் போர்ட் பிளேரில் கொடுத்திருக்கிறோம். அப்பாவைக் கூட்டிப்போனபோது மச்சான் வழக்கம்போல ஜெயிலைக் காட்ட அழைத்துப்போனார். அப்பா செக்கைப் பார்க்கவில்லை, தூக்குமேடையைப் பார்க்கவில்லை. ஒரு அறைக் கதவின் முன்னால் நின்று தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் போனால் கவனியுங்கள்: பூட்டு கதவில் இருக்காது. கதவிலிருந்து நீளமாக ஒரு இரும்புத் தண்டு போய், பக்கத்துச் சுவருக்குள் குடைந்த மாடத்தில் விழும். பூட்டு அங்கே. உள்ளே இருக்கிறவன் கம்பிக்கு வெளியே தோள்வரை கையை நீட்டினாலும் எட்டாது. அப்பா உள்ளே போய், என்னைக் கதவைச் சாத்தச் சொல்லி, கையை வெளியே விட்டுத் துழாவிப் பார்த்தார். எட்டவில்லை. “யோசிச்சுத்தான்டா செஞ்சிருக்கான்” என்றார், ஒரு தச்சன் இன்னொரு தச்சன் வேலையைச் சொல்கிற மாதிரி. அப்புறம் அன்றைக்குச் சாயங்காலம் மச்சான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தான் இருந்த அறை, கூட இருந்த ஆட்கள், அங்கே போட்ட சோறு எல்லாம் சொன்னார். அம்மாவுக்கே அதெல்லாம் புதிது.

ரவி அண்ணே, செல்ஃபி எடுக்கிறவன் எடுக்கட்டும். அந்தக் கூட்டத்தில் இப்படியும் நாலு பேர் வருவார்கள்.

மாடியில் நின்று அப்பா கடலை அளந்தது தனிக்கதை. நீரோட்டத்தைப் பார்த்து, “துடுப்பு இருந்தாலும் நடக்காது, தண்ணி இல்லாம மூணாம் நாள் செத்துருவான்” என்றார்.

ஏர்வாடி_ரவி
தம்பி, அப்பாவை நான் கேட்டதாகச் சொல்லு.

மண்டபம்_டீச்சர்
கடலோடி எழுதியதற்குப் பிறகு நான் வரலாறு சொல்ல ஒன்றுமில்லை. ஒரு துணுக்கு மட்டும். மண்டபம் கேம்ப் வழியாக இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் சிலரை எழுபதுகளில் நிக்கோபாரின் கச்சால் தீவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அதே கேம்ப் சிலோனுக்குப் போகிறவர்களைத் தொற்றுநோய்க்காகத் தடுத்து வைத்த இடம். தினம் பஸ்ஸில் தாண்டிப் போகிறோம், இறங்கிப் பார்க்க ஒரு பலகையாவது வைத்திருக்கலாம்.

கீழக்கரை_காக்கா
கப்பல் கேள்வி அப்படியே நிற்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து மூணு நாள் ஆகும், கடல் சரியில்லை என்றால் கூடவும் ஆகும். தேதி மாறிக்கொண்டே இருக்கும், திரும்பி வரும் கப்பல் உங்கள் லீவுக்குப் பொருந்தாது. விமானம் சென்னையிலிருந்து ரெண்டே கால் மணி நேரம். முழங்கால் வலிக்காரரை பங்க் படுக்கையில் ஏற்றி இறக்குவது பாவம். சாவர்க்கரையும் சென்னையிலிருந்து ‘மகாராஜா’ கப்பலில்தான் ஏற்றினார்கள், அந்த வழியில்தான் போவேன் என்று பிடிவாதம் இருந்தால் பையன் பெரியவனானதும் அவனோடு போங்கள்.

பாம்பன்_பாலா
முடிவு பண்ணிவிட்டேன். விமானம். கார்பின்ஸ் கோவ் ரத்து. ரெண்டாம் நாள் காலை முழுக்க ஜெயில், அன்றைக்கு ராத்திரி ஆங்கிலக் காட்சிக்கு நானும் பையனும் மட்டும். மறுநாள் ராஸ் தீவு. ஏஜென்ட் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் ஒத்துக்கொண்டார். வைப்பர் தீவுக்குப் படகு உண்டா? ஷேர் அலியைத் தூக்கில் போட்ட இடம் என்று பையன் எங்கேயோ படித்துவிட்டு நச்சரிக்கிறான்.

தங்கச்சிமடம்_கடலோடி
அபர்தீன் ஜெட்டியில் கேட்டுப்பாருங்கள் அண்ணே. ராஸுக்கு தினமும் படகு உண்டு, வைப்பருக்கு ஆள் சேர்ந்தால்தான் விடுவார்கள், சில சமயம் விடவே மாட்டார்கள். ஷேர் அலி 1872-இல் வைஸ்ராய் மேயோவைக் குத்தியவர். மேட்டில் சிவப்புக் கட்டடமாகத் தூக்குமேடை நிற்கும். படி கொஞ்சம் அதிகம், பெரியவர்கள் படகிலேயே இருக்கலாம். எல்லாருடைய ஆதார் அசலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா வீட்டுக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பினால் கொண்டுபோவீர்களா?

பாம்பன்_பாலா
கொண்டுபோகிறேன், ஆனால் நாலு சுற்று பிளாஸ்டிக்கில் கட்டிக் கொடு. பெட்டியில் என் மாமியாரின் பட்டுச்சேலையும் இருக்கும்.